பின்சீட்டுக்கு அடியில ஒரு ஜாயிண்ட்

சாவிய பாதி திருப்பிட்டு மூச்ச அடக்கிக்கணும். ஸ்டார்ட் பண்ணக் கூடாது, பாதியோட நிறுத்திடணும். அப்போ வண்டியோட பின்பக்கத்துல, பெட்ரோல் டேங்குக்குள்ள இருந்து ங்ஙொய்ங்னு ஒரு சத்தம் வரும். ரெண்டே ரெண்டு செகண்டுதான். உள்ள இருக்குற பம்ப் பெட்ரோல முன்னாடி தள்ளி வச்சுட்டு நின்னுடும். அந்த ரெண்டு செகண்ட காதால பிடிக்கணும். இழுக்குதா, திக்குதா, சோர்ந்து போயிருக்கான்னு கேக்கணும். இத ஒரே ஆள் செய்ய முடியாது பாருங்க. சாவி முன்னாடி இருக்கு, பம்ப் பின்னாடி இருக்கு, ஆண்டவன் நமக்குக் கைய இவ்ளோ நீளத்துக்குத்தான் குடுத்திருக்கான். அதனால எங்க ஒர்க்‌ஷாப்ல நாப்பது வருஷமா சாவி போடுறது நான். காது வைக்கிறது முன்னெல்லாம் எங்க வீட்டுக்காரர். அவர் போனதுக்கப்புறம் அவர் தம்பி, அதாவது என் கொழுந்தன்.

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. ஷட்டர பாதி இறக்கி விட்டிருந்தோம், யாரும் வேலை கொண்டு வந்துடக் கூடாதுன்னு. கொழுந்தன் பின்சீட்டத் தூக்கி வெளிய சாத்தி வச்சுட்டு, அந்தக் குழிக்குள்ள தலைய விட்டுப் படுத்திருந்தாரு. காலு ரெண்டும் கதவுக்கு வெளிய நீட்டிட்டு இருக்கு.

"போடுங்க அண்ணி."

போட்டேன். ங்ஙொய்ங்.

"இன்னொரு தடவ."

போட்டேன். ங்ஙொய்ங். கல்யாண வீட்டு வண்டு மாதிரி அவ்ளோ சந்தோஷமா ஓடுது.

"எனக்குக் கேக்குறதுல ஒரு கொறையும் இல்ல அண்ணி."

"உனக்குக் காது போயிடுச்சோ என்னவோ."

"என் காதுல பாதி டேங்க் மூடி மேலயே வளந்தது. அது போகாது."

சிரிச்சோம். ஆனா சிரிப்பு ரெண்டு பேருக்குமே சரியா வரல.

வண்டி வெளியாள் வண்டி இல்ல. எங்க வீட்டுக்காரர் ஓட்டின வண்டி, இருபத்திரெண்டு வயசாகுது. என் பொண்ணு குட்டிக்குக் கல்யாணம் ஆனப்போ அவளுக்குக் குடுத்துட்டோம். பேரு வேற இருக்கு அவளுக்கு, ஆனா முப்பது வயசுலயும் எங்களுக்குக் குட்டிதான். நாலு மாசமா அந்த வண்டி அவள நடுரோட்டுல விட்டுடுது. நல்லா போய்க்கிட்டே இருக்கும், திடீர்னு எஞ்சின் மூச்ச விட்டுடும். இருமாது, தும்மாது, சொல்லாம கொள்ளாம நின்னுடும். அப்புறம் அரை மணி நேரம் கழிச்சு சாவி போட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆயிடும். எந்தக் கோளாறுக்கு வேணா மருந்து இருக்கு, இப்படி டாக்டர் வீட்டு வாசல் வந்ததும் காணாமப் போற காய்ச்சலுக்கு என்ன பண்றது?

முதல் தடவ நின்னப்போ கொழுந்தன் கேட்டவுடனே சொல்லிட்டாரு, பம்ப்தான், சூடாகி சோர்ந்து போகுதுன்னு. டேங்கத் தொறந்து புது பம்ப் போட்டாரு. மூணு வாரம் ஓடுச்சு. திரும்ப நின்னுச்சு. அப்போ ரிலேய மாத்துனாரு. ரிலேன்னா முன்பக்கம் ஃப்யூஸ் பெட்டியில இருக்குற ஒரு சின்ன கட்டை, அதுதான் டிக்னு ஒட்டிக்கிட்டு பம்புக்குக் கரண்ட் அனுப்பும். அது ஒரு மாசம். மூணாவது தடவ நின்னது ரயில்வே கேட் தாண்டி வளைவுல. பின்னாடி வந்த லாரி பிரேக்கப் போட்டு, சைடு வாங்கி, ஒரு முழத்துல நின்னிருக்கு. டிரைவர் இறங்கி வந்து பானெட்டுல கையால அடிச்சுட்டுப் போனாராம். குட்டி அத என்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னா. கைய மட்டும் முந்தானைக்குள்ள வச்சிருந்தா, வெளிய எடுக்கவே இல்ல. அப்போ கொழுந்தன் எர்த் ஒயர மாத்துனாரு. இப்ப நாலாவது தடவ. சனிக்கிழமை கயிறு கட்டி இழுத்துட்டு வந்தோம்.

குட்டிக்கு அந்த வண்டி திங்கக்கிழமை காலைல வேணும். கல்யாணத்துக்கு முன்னாடி அவ ஒரு ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை பாத்தா. ஊருக்கு வெளிய இருக்கு, ரெண்டு பஸ் மாறணும், ரெண்டாவது பஸ் வந்தா வந்தது. அங்க இருக்குற பெரிய மேடத்துக்கு இவ கைன்னா அவ்ளோ நம்பிக்கை. குழந்தைங்களுக்கே அழாம ஊசி குத்துவா. திரும்ப வேலைக்குக் கூப்பிட்டாங்க. ரெண்டு தடவ தேதி குடுத்தாங்க. ரெண்டு தடவையும் வண்டி வழியில நின்னு இவ போக முடியல. "திங்கக்கிழமை ஒம்பது மணி. இதுக்கும் வரலைன்னா வேற பொண்ண எடுத்துடுவேன், தப்பா நெனச்சுக்காத"ன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க. அவங்களச் சொல்லித் தப்பில்ல.

"ஆட்டோல போயிடேன் குட்டி"ன்னு கொழுந்தன் சொன்னாரு.

டயர் அடுக்கு மேல உக்காந்திருந்தவ நிமிந்து பாத்தா. "நாளைக்கு ஆட்டோல போயிடலாம் சித்தப்பா. நாளன்னிக்கு? அதுக்கு மறுநாள்?"

அவரு திரும்பக் குழிக்குள்ள தலைய விட்டுக்கிட்டாரு.

மாப்பிள்ளையப் பத்திச் சொல்லணும். தங்கமான மாப்பிள்ளைன்னு ஊரே சொல்லும், நானும் சொல்லிருக்கேன். குரல ஒசத்த மாட்டாரு. என்னப் பாத்தா எந்திரிச்சு நிப்பாரு. "அத்தை, முட்டி வலி எப்படி இருக்கு"ன்னு மறக்காம கேப்பாரு. குட்டி வேலைக்குப் போறத வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. "போகட்டும் அத்தை, அவ இஷ்டம். ஆனா வண்டிக்கே இஷ்டம் இல்ல போலருக்கே"ன்னு ஒரு தடவ சொல்லிட்டு மெல்ல சிரிச்சாரு. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். இப்ப நெனச்சா பல்லக் கடிக்கணும் போல இருக்கு. வண்டி நடுரோட்டுல நின்னா, இவ ஃபோன எடுத்து யாருக்குச் சொல்லலாம்னு யோசிக்கிறதுக்குள்ள அவரு கூப்பிட்டுடுவாராம். "என்னம்மா, எங்க இருக்க, பத்திரமா இருக்கியா?" குட்டி அத எவ்ளோ பெருமையா சொன்னா தெரியுமா. "அவருக்கு மனசுல தோணிடும்மா. எனக்கு ஒண்ணுன்னா அவருக்குத் தெரிஞ்சிடும்." நானும் அந்தப் பெருமைய அக்கம்பக்கத்துல நாலு பேர்கிட்ட சொல்லிட்டேன்.

பதினோரு மணி வாக்குல குட்டி டீ வாங்கிட்டு வரேன்னு கிளம்பினா. கொழுந்தன் வேற மாதிரி பாக்கலாம்னாரு. ரிலேயக் கழட்டிட்டு அந்த எடத்துல ஒரு துண்டு ஒயர மாட்டி விட்டாரு. அப்படி மாட்டினா ரெண்டு செகண்டுல நிக்காது, பம்ப் ஓடிக்கிட்டே இருக்கும். அப்போ ஃப்யூஸ் பெட்டியில ஆரம்பிச்சு பின்சீட்டு வரைக்கும் ஒயர அங்குலம் அங்குலமா பிடிச்சு இழுக்கணும், ஆட்டணும், மடக்கணும். எங்கயாவது உள்ளுக்குள்ள முறிஞ்சிருந்தா அங்க கை பட்டதும் சத்தம் திக்கும். கோளாற அதோட வாயாலயே சொல்ல வைக்கிற முறை இது. எங்க வீட்டுக்காரர் கத்துக் குடுத்தது.

நான் டிரைவர் சீட்டுல உக்காந்து சத்தத்தக் கேட்டுட்டு இருந்தேன். தலைக்கு மேல இருக்குற கண்ணாடியில அவர் கை தெரியுது. கால்மிதி மேட்டத் தூக்கி, கதவோரமா போற ஒயர விரலால நீவிக்கிட்டே வரார். முன்சீட்டுக்கு அடியில ஆட்டினாரு. ங்ஙொய்ங்னு ஓடிக்கிட்டே இருக்கு. நடுவுல கனெக்டர அமுக்கினாரு. ஓடுது. பின்சீட்டு முனைக்கு வந்தாரு. அங்க ஒயர் கட்டு கொஞ்சம் தடிப்பா, கருப்பு டேப் சுத்தி இருக்கு. அவர் கை அங்க வந்ததும் ஒரு சாண் தாண்டி அந்தப் பக்கம் போய் உக்காந்துச்சு.

"தம்பி, சத்தம் சரியா கேக்கல, இன்னொரு தடவ முதல்ல இருந்து வா"ன்னேன். வந்தாரு. கதவோரம், முன்சீட்டு, கனெக்டர், பின்சீட்டு முனை. கை திரும்பத் தாண்டிப் போச்சு. சாக்கடை இருக்குற எடத்த கண்ண மூடிக்கிட்டே தாண்டுவோம்ல, அந்த மாதிரி. நாப்பது வருஷமா இந்த ஒர்க்‌ஷாப்ல கைங்களத்தான் பாத்துட்டு இருக்கேன். கோளாறு தெரியாம தேடுற கை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இந்தக் கை தேடல.

சாவிய ஆஃப் பண்ணேன். ஒர்க்‌ஷாப்பே ஒரு நிமிஷம் காது அடைச்ச மாதிரி ஆயிடுச்சு.

"அந்த முனைய ஏன் தம்பி விட்டுட்ட?"

"எந்த முனை?"

"கருப்பு டேப் சுத்தினது."

"அது நல்லாருக்கு அண்ணி."

"தொடாமயே நல்லாருக்கா?"

அவரு எந்திரிச்சு உக்காந்தாரு. கைத் துணிய எடுத்து விரல ஒவ்வொண்ணா துடைச்சாரு. அழுக்கே இல்லாத விரலயும் துடைச்சாரு. நான் இறங்கிப் பின்னாடி போனேன். முட்டி வலியோட குனிஞ்சு அந்த டேப்பப் பாத்தேன். துணி டேப், எடப்பக்கம் ஆரம்பிச்சு சுத்தி, கடைசி முனைய மெழுகு நூலால ரெண்டு முடிச்சு போட்டுக் கட்டியிருக்கு. டேப் முனை சூட்டுல பிரியக் கூடாதுன்னு அப்படிக் கட்டுறது எங்க ஒர்க்‌ஷாப்ல மட்டும்தான். வேற எந்த எலெக்ட்ரிஷியனுக்கும் அந்தப் பொறுமை கிடையாது.

"இது உன் முடிச்சு."

"ஆமா."

"எப்ப போட்ட? இந்த வண்டில நீ இந்தப் பக்கம் ஒயர் வேலை ஒண்ணும் பண்ணலையே."

தலை குனிஞ்சாரு. "போன வருஷம் மாப்பிள்ளை ஒரு நாள் தனியா வண்டியக் கொண்டு வந்தாரு. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தீங்க. கையில ஒரு பெட்டி. உள்ள சிம் போட்டிருக்கு. வண்டி எங்க இருக்குன்னு ஃபோன்ல காட்டும். திருட்டு ஜாஸ்தியாயிடுச்சு மாமா, பழைய வண்டியத்தான் தூக்குறான்னாரு. பம்ப் லைன்லயும் சேத்துக் குடுங்க, திருடன் எடுத்துட்டுப் போனா ஃபோன்லயே நிறுத்திடலாம்னாரு. அவகிட்ட சொல்லாதீங்க, திருடன் கிருடன்னு சொன்னா பயந்துடுவான்னாரு. எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு அண்ணி."

நான் டேப்ப மெல்ல அமுக்கிப் பாத்தேன். உள்ள தீப்பெட்டி மாதிரி ஒண்ணு விரலுக்குத் தட்டுப்பட்டுச்சு.

"வண்டி நின்னப்போ உனக்கு இது தோணலையா?"

"முதல் தடவ சத்தியமா தோணல. நான் போட்ட ஜாயிண்ட்ல கோளாறு வராதுன்னு ஒரு திமிரு. எங்கெங்கயோ தேடுவேன், என் முடிச்சப் பாத்தா மட்டும் தாண்டிப் போயிடுவேன். ரெண்டாவது தடவ தோணுச்சு. மாப்பிள்ளைக்கு ஃபோன் பண்ணிக் கேட்டேன், அந்தப் பெட்டிய எப்பவாவது அழுத்தினீங்களான்னு. சிரிச்சாரு. அது திருடனுக்குத்தானே மாமா, உங்க பொண்ணு என்ன திருடியான்னு கேட்டாரு."

"அதுக்கப்புறமும் ரிலேய மாத்துன."

"மாத்துனேன்."

"எர்த்த மாத்துன."

"குடும்பம் அண்ணி. நான் வாயத் தொறந்து, அது இல்லைன்னு ஆயிட்டா? ஆமான்னு ஆயிட்டா மட்டும் என்ன? ஏதாவது ஒரு பார்ட்ட மாத்தினா சரியாயிடும், மாப்பிள்ளைக்கே ஒரு நாள் சலிச்சுப் போயிடும்னு..."

வாசல்ல செருப்புச் சத்தம். குட்டி மூணு டீ டம்ளர ஒரே கையில பிடிச்சுக்கிட்டு ஷட்டருக்கு அடியில குனிஞ்சு நிக்கிறா. எவ்ளோ நேரமா நிக்கிறான்னு தெரியல. டீல ஆடை படிஞ்சிருந்துச்சு.

மெதுவா வந்து டம்ளர பெஞ்சு மேல வச்சா. அழுவா, கத்துவான்னு நான் எதிர்பார்த்தேன். அவ லேப்ல ரிசல்ட் கேக்குற மாதிரி கேட்டா.

"ஓடிட்டு இருக்கும்போதே நிறுத்தலாமா சித்தப்பா?"

"நிறுத்தலாம்."

"வேகமா போனாலும்?"

"அதுக்கு வேகம் கணக்கில்ல குட்டி. பம்ப்ப நிறுத்தும், அவ்ளோதான்."

"அன்னிக்கு ரயில்வே கேட் வளைவுல, பின்னாடி லாரி வந்துச்சே. லாரி வர்றது அவருக்குத் தெரிஞ்சிருக்காது இல்ல?"

"லாரி தெரியாது." கொழுந்தன் கைத் துணிய மடிச்சாரு. "வளைவு தெரியும். மேப்ல ரோடு தெரியும்."

அவ விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சா. லேபுக்குப் போனப்போ முதல் தடவ. கூடப் படிச்சவ வீட்டுக்குப் போனப்போ ரெண்டாவது. திரும்ப லேபுக்குப் போனப்போ மூணாவது. சனிக்கிழமை சொல்லாம கொள்ளாம எங்க வீட்டுக்கு வந்தப்போ நாலாவது. மார்க்கெட்டுக்கு எத்தனை தடவ போயிருப்பா, மாமியார் வீட்டுக்கு எத்தனை தடவ போயிருப்பா, ஒரு தடவ நின்னதில்ல. நாலு விரல மடக்கினதும் அந்தக் கைய அப்படியே வச்சுக்கிட்டா, முஷ்டி மாதிரி.

"எடுத்துடுங்க இத."

"எடுத்தா உடனே தெரிஞ்சிடும். உள்ள சின்னதா பேட்டரி இருக்கு. ஒயரக் கழட்டினா அவருக்குச் செய்தி போயிடும்."

அப்ப என் ஃபோன் அடிச்சுது. மாப்பிள்ளை. மூணு பேரும் அந்தப் பேரப் பாத்துட்டே நின்னோம். எடுக்காம விட்டா அது வேற மாதிரி ஆயிடும். எடுத்தேன்.

"அத்தை, சாப்பிட்டீங்களா? முட்டி எப்படி இருக்கு?"

"இருக்கு மாப்பிள்ளை. நீங்க சாப்பிட்டீங்களா?"

"இனிமேதான். வண்டி ரெடியாயிடுச்சா? ரொம்ப நேரமா அங்கயே நிக்குதே."

"எங்கயே?"

ஒரு மூச்சு எடைவெளி. "ஒர்க்‌ஷாப்லதான் அத்தை. குட்டி நேத்தே சொன்னா."

"ஆமாமா. கொழுந்தனுக்குக் கோளாறு பிடிபடல. நாளைக்குச் சாயங்காலம் ஆயிடும் போல. அவ இன்னிக்கு என்கூடவே இருக்கட்டுமா?"

"தாராளமா. உங்க பொண்ணு, நான் என்ன சொல்லப் போறேன்?" கொஞ்சம் நிறுத்திட்டு, "நாளைக்குக் காலைல எங்கயும் போற வேலை இல்லையே அவளுக்கு?"

"வண்டியே இல்ல, எங்க போறது?"

"அதுவும் சரிதான்"னு சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு காதுக்குள்ள ரொம்ப நேரம் இருந்துச்சு. ஃபோன வச்சதுக்கப்புறம்தான் கவனிச்சேன், நான் அவ்ளோ நேரமும் வண்டிக் கதவ ஒரு கையால சாத்திப் பிடிச்சிருந்தேன், யாரோ உள்ள இருந்து தள்ளுற மாதிரி.

நான்தான் சொன்னேன், "பெட்டி அது பாட்டுக்கு இருக்கட்டும் தம்பி. அதச் சுத்தி வேற வழி போட முடியாதா?"ன்னு. கொழுந்தன் என்னைய ஒரு பார்வை பாத்தாரு. முடியும். பெட்டிக்கு முன்னாடி ஒயர்ல ஒரு எடத்துலயும், பெட்டியத் தாண்டி பம்புக்குப் பக்கத்துல ஒரு எடத்துலயும் சீவி, ரெண்டையும் புது ஒயரால சேத்துட்டா கரண்ட் அந்தப் பக்கமா போயிடும். பெட்டி எப்பவும் போல வேலை செய்யும். நிறுத்துன்னா நிறுத்தினதாவே நெனச்சுக்கும். பம்ப் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும்.

உள்ள என்ன இருக்குன்னு பாக்க டேப்ப ஒரு எடத்துல மட்டும் பிளேடால கீறினாரு. அப்புறம் ரெண்டு மணி நேரம் வேலை செஞ்சாரு. சால்டரிங் புகையில கண்ணு கலங்குச்சோ, வேற எதுலயோ, நான் கேக்கல. ஜாயிண்ட் முடிச்சு, டேப் சுத்தி, முனைய சும்மா அமுக்கி விட்டுட்டாரு.

"நூல் கட்டலையா?"

"வேணாம் அண்ணி. இது யார் போட்டதுன்னு தெரியாம இருக்கட்டும்."

டூல்ஸ எடுத்து வைக்கும்போது என்கிட்ட மட்டும் மெல்ல சொன்னாரு. "நாளைக்கு வண்டி நகர்றத அவர் பாப்பாரு. அழுத்துவாரு. நிக்காது. அப்போ நமக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவருக்கும் தெரிஞ்சிடும்."

"தெரியட்டும்"னு சொன்னேன். சொல்றதுக்கு என்ன, வாய்தானே.

திங்கக்கிழமை ஏழே முக்காலுக்குக் கிளம்பினோம். நான் பின்னாடிதான் உக்காருவேன்னேன். குட்டி ஏன்னு கேக்கல. பழைய லேப் கோட்ட இஸ்திரி போட்டு முன்சீட்டுல மடிச்சு வச்சு, அது மேல ஃபோன வச்சிருந்தா. தெருமுனை திரும்பினோம். மெயின் ரோடு ஏறினோம். முதல் சிக்னல்ல ஒண்ணும் இல்ல. ரெண்டாவது சிக்னல்ல பச்ச விழுந்து வண்டி நகர்ந்துச்சு பாருங்க, சீட்டுக்கு அடியில, என் தொடைக்கு நேர் கீழ, டிக்.

அவ்ளோதான். யாரோ விரல்ல சொடக்கு எடுத்த மாதிரி. வண்டி பாட்டுக்குப் போகுது. குட்டி கண்ணாடில என்னப் பாத்தா. நான் தலையாட்டினேன், ஆமான்னு. அவ கியர மாத்தினா. அரை நிமிஷம் கழிச்சு ஃபோன் அடிச்சுது. அவ எடுக்கல. அடிச்சு ஓஞ்சுது. டிக். டிக். நிறுத்திப் பாக்குறாரு, விட்டுப் பாக்குறாரு, திரும்ப நிறுத்திப் பாக்குறாரு. எங்கயோ ஒரு ரூம்ல சேர்ல உக்காந்து, குரல ஒசத்தாம. அவ்ளோ தூரத்துல இருந்து அந்த விரல் என் முதுகுத்தண்டுல வந்து படுது. திரும்ப ஃபோன். ரயில்வே கேட் தாண்டி அந்த வளைவு வந்தப்போ ரெண்டு தடவ அடுத்தடுத்து டிக் டிக்னு வந்துச்சு. குட்டி ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டா. உதட்டக் கடிச்சுக்கிட்டு ஓட்டினா. வண்டி நின்னிருந்தா அவ்ளோதான், பின்னாடி ஒட்டி ஒரு பஸ் வந்துக்கிட்டு இருந்துச்சு. நான் திரும்பிப் பாத்தேன், அவகிட்ட சொல்லல.

எட்டு அம்பதுக்கு லேப் காம்பவுண்டுக்குள்ள நுழைஞ்சோம். வேலி ஓரமா நிறுத்தினா. கோட்ட எடுத்து அங்கயே மாட்டிக்கிட்டா, கடைசி பட்டனத் தப்பான ஓட்டையில போட்டா, நான் சரி பண்ணி விட்டேன்.

"ஃபோன உள்ள எடுத்துட்டுப் போகலம்மா. நீ வச்சுக்கோ."

"வச்சுக்கறேன். நீ போ."

"கதவ லாக் பண்ணிக்கோ."

"நான் என்ன சின்னப் பாப்பாவா? போடி, மணியாகுது."

நேரா நடந்து போய் கண்ணாடிக் கதவத் தள்ளிட்டு உள்ள போனா. திரும்பிப் பாக்கல, நல்லது. நான் கதவ லாக் பண்ணிக்கிட்டேன்.

எஞ்சின அணைச்சாச்சு, ஆனா பெட்டி நிக்கல. டிக். கொஞ்ச நேரம் சும்மா. டிக். ஃபோன் பதினேழு தடவ அடிச்சிருந்துச்சு, பதினெட்டாவதா அடிச்சுது. நான் அத என் பக்கத்துல குப்புறப் போட்டு வச்சேன். ஒம்பது பத்து இருக்கும். ஒரு ஃபோன் பாதியிலயே நின்னுச்சு. அப்புறம் டிக்கும் இல்ல. நான் காத்துட்டு இருந்தேன், அடுத்தது வரும் வரும்னு. ஒரு நிமிஷம் ஆச்சு. அஞ்சு நிமிஷம் ஆச்சு. டிக்குனு வந்தப்போகூட எனக்கு அவ்ளோ பயம் இல்ல. சேர்ல உக்காந்து அழுத்திட்டு இருக்காருன்னா சேர்ல இருக்காருன்னு அர்த்தம். இப்ப எந்திரிச்சுக் கிளம்பிட்டாரு போல.

நகர்ந்து உக்காந்து சீட்டோட ஒரு முனையத் தூக்கிப் பாத்தேன். அடில இருட்டு. டேப்ப கீறின எடத்துல ஊசி மொனை அளவுக்கு ஒரு செவப்பு விளக்கு, விட்டு விட்டு எரியுது. சத்தமே இல்லாம நாங்க எங்க இருக்கோம்னு சொல்லிக்கிட்டே இருக்கு. நான் குனிஞ்சு கட்டைவிரலால அதப் பொத்தினேன். வெளிய ரோட்டுல ஒரு வண்டி வேகத்தக் குறைச்சு லேப் கேட்டுப் பக்கம் திரும்புற சத்தம் கேட்டுச்சு. எந்த வண்டின்னு பாக்க நான் தலையத் தூக்கல. விரலையே பாத்துட்டு இருந்தேன். நகத்த சுத்தி செவப்பா வந்து போச்சு, வந்து போச்சு.